பாட்டாக்க பாட்டா ஜெர்மன்காரரா?

போன வருஷம் கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு தம்பி, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கம் இருக்கிற சாயாக்கடையில் வைத்து என்னிடம் கேட்டான். "அண்ணே, எங்க பாட்டாக்க பாட்டா ஒரு ஜெர்மன்காரராம். உள்ளதா?"

சொந்தத்தில் தம்பி முறை. ஜெர்மனியில் வேலை. பாஸ்போர்ட் எடுத்த காலத்தில் 'சர்நேம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்பா பேரை எழுதியிருக்கிறான். அப்பா பேர், அவருடைய தாத்தாவின் நினைவாக வைத்தது: ரேனியஸ். இப்போது அங்கே பிறந்த பிள்ளைக்கும் அதுவே குடும்பப் பெயர். ஒரே தலைமுறையில் ஒரு திருவட்டாறுக் குடும்பத்துக்கு ஜெர்மன் குடும்பப் பெயர் வந்துவிட்டது. ஆபீசில் எல்லாரும் "உங்களுக்கு ஜெர்மன் வேர் உண்டா?" என்று கேட்கிறார்களாம். வீட்டில் வயசானவர்களைக் கேட்டால், "ஆமா மக்கா, நமக்க குடும்பத்துல ஒரு வெள்ளக்காரன் உண்டு. பாட்டாக்க கண்ணப் பாத்தியா, பூனைக்கண்ணு" என்கிறார்கள்.

இது மாதிரி கதை நம்ம கல்குளம், விளவங்கோடு பக்கம் பல வீடுகளில் உண்டு. அதனால் அவனுக்காகத் தேடியதை உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

தம்பிக்கு முப்பத்தைந்து வயது. ஒரு தலைமுறைக்கு 28 வருஷம் என்று வைத்தால், அவனுடைய பாட்டாவின் பாட்டா பிறந்தது ஏறத்தாழ 1880 வாக்கில். ரேனியஸ் ஐயர் யார்? சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் ரேனியஸ், பாளையங்கோட்டையில் இருந்து திருநெல்வேலிச் சீமை முழுக்கச் சபைகளையும் பள்ளிக்கூடங்களையும் உண்டாக்கிய ஜெர்மன் மிஷனரி. 1838இல் பாளையங்கோட்டையிலேயே இறந்துவிட்டார். நாற்பது வருஷ இடைவெளி. கதை அங்கேயே ஆட்டம் காண்கிறது.

சரி, அவர் இல்லை, வேறு யாரோ ஒரு ஜெர்மன்காரர் என்று வைத்துக்கொண்டாலும், நம்ம பக்கத்தில் ஜெர்மன்காரர்கள் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போதுதான் பெயர் ஒரு வழியாகவும் இரத்தம் வேறு வழியாகவும் போவது தெரிகிறது.

பெயர் மட்டும் விட்டுப் போனவர்

தென் திருவிதாங்கூருக்கு வந்த முதல் புரோட்டஸ்டண்ட் மிஷனரி ஒரு ஜெர்மன்காரர்: வில்லெம் டோபியாஸ் ரிங்கல்தௌபே. 1770இல் சைலீஷியாவில் ஷைடல்விட்ஸ் என்ற கிராமத்தில், ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். ஹாலேயில் படித்து, லண்டன் மிஷனரி சங்கத்தின் ஆளாக 1804 கடைசியில் தரங்கம்பாடிக்கு வந்து, 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். மயிலாடியில் 1809இல் கோயில் கட்டினார். 1816இல் உடம்பு முடியாமல் ஊரை விட்டுப் புறப்பட்டார். இலங்கை போய், மலாக்கா போய், அங்கிருந்து பத்தாவியாவுக்குக் கப்பல் ஏறினார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கலியாணம் செய்யாதவர்.

ஆக, அவருக்குச் சந்ததி கிடையாது. ஆனால் பெயர்? மயிலாடியில் அவர் பெயரில் கோயில் இருக்கிறது, மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. ஜெர்மன் மொழியில் 'ரிங்கல்டௌபெ' என்றால் கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட காட்டுப்புறா. இங்கே அது ஒரு ஊரின் பெருமைச் சொல்.

'ஸ்வார்ட்ஸ்' கதையும் அப்படித்தான். தஞ்சாவூர் சரபோஜி மன்னருக்குக் குருவாக இருந்த அந்தப் பாதிரியாரும் கலியாணம் செய்யவில்லை. ஆனால் ஸ்வார்ட்ஸ் என்று பேர் வைத்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் 'கறுப்பு'. நம்ம கணக்கில் சொன்னால் கறுப்பையா!

இரத்தம் மட்டும் விட்டுப் போனவள்

இதற்கு நேர் எதிர் கதை, திருவட்டாறிலிருந்து அதிக தூரம் இல்லாத நெய்யூரில் இருக்கிறது.

ரிங்கல்தௌபேக்குப் பிறகு வந்தவர் சார்லஸ் மீட், ஆங்கிலேயர். முதல் மனைவியைப் பினாங்கில் அடக்கம் செய்துவிட்டு, 1818 தொடக்கத்தில் நாகர்கோவில் வந்து சேர்ந்தார். இரண்டாவதாகக் கலியாணம் செய்தது யோஹன்னா செலஸ்டினா ஹார்ஸ்ட் என்ற பெண்ணை. தஞ்சாவூர் மிஷனில் வேலை பார்த்த ஹார்ஸ்ட் என்ற ஜெர்மன் போதகரின் மகள். 1828இல் மீட் நெய்யூரைத் தலைமை இடமாக ஆக்கிக்கொண்டார். நெய்யூர் சரித்திரத்தில் யோஹன்னா 'மீட் அம்மா'தான். 1848இல் இறந்துபோனார். பிள்ளைகள் பல. அத்தனை பேருக்கும் பெயர் மீட். ஹார்ஸ்ட் என்ற பெயர் அந்தக் கலியாணத்தோடு முடிந்தது.

மீட் பெயரைப் பார்த்துத் தேடுகிற ஒருவர் இங்கிலாந்துக்குப் போவார். அந்தப் பிள்ளைகளின் தாய்வழி ஜெர்மன் என்பது பெயரில் எங்கேயும் இல்லை.

கதை இன்னும் முடியவில்லை. மீட்டின் மூன்றாவது மனைவி பெயர் லோயிஸ் பிடல்ஃப். பெயரை மட்டும் பார்த்தால் இங்கிலாந்துக்காரி என்றுதான் நினைப்போம். ஆள் நம்ம ஊர்ப் பெண், மிஷன் ஊழியர் ஒருவரின் மகள். 1850களின் தொடக்கத்தில் நடந்த இந்தக் கலியாணத்தை மிஷன் வட்டாரம் ஏற்கவில்லை. மீட் மிஷனை விட்டே விலக வேண்டியதாயிற்று.

ஒரே மனிதரின் வீட்டில் இரண்டு உதாரணம். ஜெர்மன் பெண்ணுக்கு ஆங்கிலப் பெயர், தமிழ்ப் பெண்ணுக்கும் ஆங்கிலப் பெயர். பெயரை மட்டும் வைத்து வம்சம் பிடிக்கப் போனால் இரண்டு இடத்திலும் தடுக்கி விழுவோம்.

தமிழ்ப் பெண்ணுக்கும் பையனுக்கும் இப்படி அந்நியப் பெயர் வருவதற்குச் சாதாரணமான ஒரு காரணம் உண்டு. மிஷன் விடுதிகளில் படித்த பிள்ளைகளின் செலவை வெளிநாட்டு உபகாரிகள் ஏற்றுக்கொள்வார்கள். உபகாரி சொன்ன பெயர் பிள்ளைக்கு வைக்கப்படும். மரியாதைக்காக மிஷனரி பெயர் வைப்பது இன்னொன்று. காமராஜர் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்கள் எல்லாம் காமராஜரின் பேரன்களா?

எழுத்தர் மாற்றிய பெயர்கள்

மிஷனரிகளை விட்டால் அடுத்த சந்தேகம் சிப்பாய்கள். 1741இல் குளச்சல் சண்டையில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுக் கம்பெனிப் படையில் ஜெர்மன்காரர்கள் இருந்திருக்கலாமே என்பார்கள். டிலனாயைச் சொல்லாதீர்கள்; உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகியிருக்கிற அவர் ஜெர்மன்காரர் அல்ல. ஆனால் பொதுவாகக் கேள்வி நியாயமானது. இரண்டு நூற்றாண்டுகளில் அந்தக் கம்பெனி ஆசியாவுக்கு அனுப்பிய ஏறக்குறைய பத்து லட்சம் பேரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் நெதர்லாந்துக்கு வெளியே பிறந்தவர்கள்; அவர்களில் பெரும்பங்கு ஜெர்மானியர்.

கப்பல் ஏறும்போது கம்பெனி எழுத்தர் ஒவ்வொரு ஆளின் பெயர், பிறந்த ஊர், சம்பளம் எல்லாவற்றையும் பேரேட்டில் பதிவார். அவர் காதில் விழுந்தபடி டச்சு எழுத்தில் எழுதுவார். யோஹான் 'யான்' ஆவான், ஹைன்ரிஹ் 'ஹென்ட்ரிக்' ஆவான், ஷ்மிட் 'ஸ்மிட்' ஆவான். அந்தப் பேரேடுகள் இன்று ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டுப் பதிவுகளை வீட்டிலிருந்தே இணையத்தில் தேடலாம். ஒரே பெயரை ஐந்தாறு எழுத்துக்கூட்டலில் தேடிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி வந்தவர்களின் சந்ததி தெளிவாகத் தெரிகிற இடம் இலங்கை. அங்கே பறங்கியர் சமூகத்தின் பெரிய வழக்கறிஞரும் பத்திரிகைக்காரருமான சார்லஸ் அம்புரோஸ் லோரன்ஸ் (1829-1871), டச்சுக்காரர் காலத்தில் இலங்கைக்கு வந்த ஒரு ஜெர்மானியரின் மகன். ஆனால் சமூகக் கணக்கில் 'டச்சுப் பறங்கி'. 1908இல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கம் குடும்ப வம்சாவளிகளைத் தேடி அச்சிட்டது பெரிய வேலை. ஆனால் கணக்கெடுத்தது தகப்பன் வழியை. தாய்வழியில் எத்தனை சிங்களப் பெண்கள், தமிழ்ப் பெண்கள் இருந்தாலும் அது கணக்கில் சேராது.

எதிர்த்திசையிலும் ஒரு பெயர் போயிருக்கிறது. ஒண்டாட்ஜி என்ற இலங்கைக் குடும்பத்தின் மூதாதை, தஞ்சாவூரிலிருந்து கொழும்புக்குப் போன தமிழ் வைத்தியர் என்பது அவர்களின் குடும்ப மரபு. டச்சு எழுத்துக்கூட்டலில் அந்தப் பெயர் அசல் டச்சுப் பெயர் போலவே ஆகிவிட்டது. கொழும்பில் 1758இல் பிறந்த குவின்ட் ஒண்டாட்ஜி நெதர்லாந்துக்குப் படிக்கப் போய், 1780களில் உட்ரெக்ட் நகரத்து அரசியல் கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரானார்.

ஊரும் பெயர் மாற்றும்

தேடுகிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு. 'ஜெர்மனி' என்ற ஒரே தேசம் உண்டானதே 1871இல். அதற்கு முன் வந்தவர்களை பிரஷ்யா, சாக்சனி என்று தனித்தனி நாடுகளில் தேட வேண்டும். ரிங்கல்தௌபேயின் ஷைடல்விட்ஸ் இன்று ஷிட்வோவித்சே. ரேனியஸ் பிறந்த கிராவுடென்ஸ் இன்று குருட்ஜியோன்ட்ஸ். ஸ்வார்ட்ஸ் பிறந்த சோனன்புர்க் இன்று ஸ்வோன்ஸ்க். மூன்றும் போலந்தில் இருக்கின்றன. இரண்டாம் உலகப்போர் வரைக்குமான நடப்புகளில் எல்லை மாறியது, ஊர்ப் பெயரும் மாறியது.

ரேனியஸ் தன் பெயரையே மாற்றியவர். பிறந்தபோது கார்ல் கோட்லீப். இங்கே சார்லஸ் தியோபிலஸ். கோட்லீப் என்ற ஜெர்மன் பெயரின் கிரேக்க வடிவம்தான் தியோபிலஸ்.

தம்பி வீட்டு விஷயம்

இனி சாயாக்கடைக்குத் திரும்புவோம். தம்பி வீட்டில் கிடைத்த காகிதம் இரண்டே இரண்டு. ஒன்று, சபைப் பதிவேட்டிலிருந்து எடுத்த ஞானஸ்நானக் குறிப்பு. ரேனியஸ் என்று பேர் பெற்ற குழந்தையின் தகப்பன் பெயரும் தாய் பெயரும் தமிழ்ப் பெயர்கள். தொழில்: பனையேற்று. இரண்டாவது, ஒரு பழைய ஆதாரம். 1956க்கு முன்னால் நம்ம மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்ததால் அது மலையாளத்தில் இருந்தது. வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரைக் கொண்டு வாசித்தோம். அதில் அதே தகப்பனுக்கு வேறொரு பெயர், கூடவே விளையின் பெயர். ஞானஸ்நானத்துக்கு முன்னால் அவருக்கு இருந்த பெயர்.

அப்போதுதான் விளங்கியது. இந்தக் குடும்பத்தில் பெயர் மாறியது உண்மை. ஆனால் ஜெர்மன்காரர் பெயர் தமிழாக மாறவில்லை. ஒரு பனையேறி தன் பெயரை மாற்றினார், தன் மகனுக்கு அவர் மதித்த ஒருவரின் பெயரை வைத்தார். மயிலாடியில் மகராசன் வேதமாணிக்கம் ஆனார் அல்லவா, அதே வழிதான். ரிங்கல்தௌபேயைத் திருவிதாங்கூருக்கு அழைத்தவரே அந்த வேதமாணிக்கம்தான்.

தம்பிக்கு முகம் கொஞ்சம் வாடியது. நான் சொன்னேன்: "பாட்டாக்க பாட்டா தலைமுறையில உனக்கு ஆணும் பெண்ணுமா பதினாறு பேரு உண்டு. அதுல ஒருத்தன் வெள்ளக்காரன்னே வச்சுக்கோ. மிச்சம் பதினஞ்சு பேரு பேரும் உனக்குத் தெரியுமாலே?"

அவனுக்கு மூன்று பெயர்தான் தெரிந்தது. மூன்றும் ஆண்கள். எனக்கும் ஏறத்தாழ அதே நிலைதான், உள்ளதைச் சொல்கிறேன்.

பூனைக்கண் விஷயம்? வெள்ளைக்காரன் கலக்காத குடும்பங்களிலும் பூனைக்கண் பிறக்கும். அதை வைத்து வம்சம் சொல்ல முடியாது.

ஜனவரியில் தம்பி திரும்பிப் போனான். போகும் முன் அந்த ஆதாரத்தில் இருந்த பழைய பெயரையும் விளைப் பெயரையும் ஒரு தாளில் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டான். பிள்ளைக்குக் குடும்பப் பெயர் ரேனியஸ் என்றே இருக்கட்டும், அதை இனி மாற்ற முடியாது. ஆனால் அது எப்படி வந்தது என்று கேட்டால் சொல்ல வேண்டும் அல்லவா என்றான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வெள்ளைக்காரர் இருந்தால், ஹேக் நகரத்துக்கும் ஜெர்மனிக்கும் போவதற்கு முன்னால் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆதாரம் இருந்தால், அதை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே வாசித்து எழுதி வையுங்கள். முக்கியமாக, பாட்டிமார்களின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அதுதான் முதலில் தொலைந்துபோகிறது.