நானூறு சதவீதத்தின் கதை

கணினி திணறினால் உடனே டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு எத்தனை சதவீதம் என்று பார்க்கிறோம். அங்கே எந்த நிரலும் 100ஐத் தாண்டாது. லினக்ஸில் 'டாப்' என்று தட்டினாலோ, ஒரே நிரல் சாதாரணமாக 400 சதவீதம் காட்டும். இந்த எண் பல ஊர் சுற்றி வந்தது.

1961இல் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஒரே ஐபிஎம் கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்திக் காட்டியது. பகிர்வு வந்ததும், யாருக்கு எவ்வளவு நேரம் போனது என்ற கணக்கும் கூடவே வந்தது. பக்கத்திலேயே, பிபிஎன் நிறுவனத்தின் டெனெக்ஸ் அமைப்பு வேறொன்றை அளந்தது: எத்தனை வேலைகள் வரிசையில் நிற்கின்றன? 1973 ஜூலை மாதச் சராசரிகள் அர்பாநெட் ஆவணமாகவே வெளிவந்தன. இன்று லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸின் திரைகளில் நிற்கும் 'லோட் ஆவரேஜ்' அதன் வழிவந்ததே.

யுனிக்ஸ் வளர்ந்த பிடிபி-11 கணினிகளில் கடிகாரத்தை ஓட்டியது சுவரிலிருந்து வரும் மின்சாரம். அமெரிக்காவில் அது நொடிக்கு 60 துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் எந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கிறதோ, அந்தத் துடிப்பு முழுவதும் அதன் கணக்கில் ஏறும். வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது போலத்தான்: பெயர் கூப்பிடும்போது இருந்தால் போதும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே எழுந்து வேலையை முடித்துவிட்டுத் தூங்கிய நிரலுக்குச் செலவு பூஜ்யம்! அந்த மோட்டா முறை பல பத்தாண்டுகள் நீடித்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

1984இல் வில்லியம் லெஃபெவ்ர், டெக் நிறுவனத்தின் விஎம்எஸ் அமைப்பிலிருந்த 'டாப்சிபியு' திரையைப் பார்த்து யுனிக்ஸுக்கு 'டாப்' எழுதினார். பிறகு பல பிராசசர் கொண்ட இயந்திரங்கள் வந்தன; கணக்கும் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பிராசசருக்கு 100 என்றால் நான்குக்கு 400 என்பது ஒரு கணக்கு. இயந்திரம் முழுவதற்குமே 100தான் என்பது இன்னொன்று. லினக்ஸ் 'டாப்' இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, முதலாவதை ஐரிக்ஸ் முறை என்றும் அடுத்ததை சோலாரிஸ் முறை என்றும் அழைக்கிறது. பெரிய எழுத்து 'ஐ' விசையை அழுத்தினால் ஒன்று மற்றதாகிவிடும். சிலிக்கான் கிராஃபிக்ஸின் ஐரிக்ஸ் 2006 முடிவோடு ஓய்ந்துவிட்டது. அதன் எண்ணும் வழக்கம் மட்டும் நம் மடிக்கணினிகளில் ஓடுகிறது.

2001இல் ஐபிஎம்மின் பவர்4 என்ற ஒரே சில்லுக்குள் இரண்டு கோர்கள், அதாவது இரண்டு பிராசசர்கள், வந்தன. 2005இல் வீட்டுக் கணினிகளிலும் அதே ஏற்பாடு. எண்ணும் முறையும் மாறியது: எந்த நிரல் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் இங்கோ மோல்னாரின் புதிய ஷெட்யூலர், 2007இல் லினக்ஸில் ஓட்டநேரத்தைத் துடிப்புகளுக்குப் பதில் நானோ நொடிகளில் எண்ணத் தொடங்கியது.

அளவு நுட்பமானாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. வேலையைப் பல த்ரெட்களுக்கு (இழைகளுக்கு) பிரித்துக் கொடுக்கும் இணைநிரலில் முதலில் முடித்த த்ரெட், மற்றவை முடிக்கும்வரை தூங்காமல் சுற்றிச்சுற்றிக் காத்திருப்பதுண்டு. அந்தக் காத்திருப்பும் வேலையாகவே பதிவாகிறது. இணைநிரல் எழுத உதவும் ஓபன்எம்பியின் 2008இல் வெளியான 3.0 பதிப்பு, காத்திருக்கும் த்ரெட் சுற்றலாமா தூங்கலாமா என்று நாமே குறிப்பிட ஓர் அமைப்பைத் தந்தது. தூங்கச் சொன்னால், வேலைப்பங்கு சமமாக இல்லாத நிரலில் சதவீதம் சட்டென இறங்கும். விடை வரும் நேரமோ பெரும்பாலும் அவ்வளவாக மாறாது.