லினக்ஸில் தொலைக்காட்சி ட்யூனர் அட்டைகள்: இயக்கிகளும் வழுநீக்க வரலாறும்

தொலைக்காட்சி ட்யூனர் அட்டை என்பது ஆண்டெனா அல்லது கேபிள் வழியாக வரும் ஒளிபரப்பைப் பெற்றுக் கணினித் திரையில் காட்டும் வன்பொருள். லினக்ஸ் இயங்குதளத்தில் இவ்வட்டைகளுக்கான இயக்கிகள் 1996 முதல் எழுதப்பட்டு வருகின்றன. பெரும்பாலான உற்பத்தியாளர்கள் விண்டோஸுக்கு மட்டுமே இயக்கி தந்தனர். எனவே ஓர் அட்டையில் படம் ஏன் வரவில்லை, ஒலி ஏன் கேட்கவில்லை என்று தேடிக் கண்டறிந்தவர்களின் குறிப்புகளே லினக்ஸ் இயக்கிகளாக வளர்ந்தன.

தோற்றம்

1990-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் புரூக்ட்ரீ நிறுவனம் பிடி848 என்ற சில்லை வெளியிட்டது. இது தொலைக்காட்சிப் படத்தை எண்ணிம வடிவுக்கு மாற்றி, மையச் செயலியின் உதவியின்றி பிசிஐ பாட்டை வழியாக நேரடியாக நினைவகத்தில் எழுதியது. படத்தின் ஒவ்வொரு வரியும் நினைவகத்தில் எங்கே எழுதப்பட வேண்டும் என்பதை இயக்கி ஒரு சிறு கட்டளைத் தொடராக எழுதி வைக்கும். சில்லு அதைப் படித்துச் செயல்படும். பின்னர் வந்த பிடி878 சில்லில் ஒலியை எண்ணிமமாக்கும் வசதியும் சேர்ந்தது.

இச்சில்லுகளுக்கான பிடிடிவி என்ற இயக்கியை ரால்ஃப் மெட்ஸ்லரும் மார்க்கஸ் மெட்ஸ்லரும் எழுதினர். 1999 முதல் கெர்ட் நோர் அதைப் பராமரித்தார். எக்ஸ்ஏடிவி என்ற தொலைக்காட்சிச் செயலியை உருவாக்கியவரும் அவரே. வெவ்வேறு அட்டைகளைச் செயலிகள் ஒரே முறையில் அணுகுவதற்காக ஆலன் காக்ஸ் வீடியோ4லினக்ஸ் என்ற இடைமுகத்தை அமைத்தார். 1999 ஜனவரியில் வெளியான கெர்னல் 2.2 பதிப்பில் அது இடம்பெற்றது.

ஒரே சில்லு, பல அட்டைகள்

பிடி848 சில்லின் தொழில்நுட்பக் கையேடு பொதுவில் கிடைத்தது. ஆயினும் சில்லை அறிந்தால் மட்டும் அட்டையை இயக்கிவிட முடியாது. ஒரே சில்லை வாங்கிய பல நிறுவனங்கள், அதைச் சுற்றி வெவ்வேறு ட்யூனர்களையும் ஒலிச் சில்லுகளையும் தம் விருப்பப்படி இணைத்தன. அந்த இணைப்பு விவரம் கையேட்டில் இல்லை.

சில அட்டைகளில் ஈஈபிராம் என்ற சிறு நினைவகத்தில் அடையாள எண் இருந்தது. இயக்கி அதைப் படித்து அட்டையை அறிந்துகொண்டது. மலிவான பல அட்டைகளில் அந்த நினைவகமே இல்லை. வெவ்வேறு அட்டைகள் ஒரே எண்ணுடன் வந்ததும் உண்டு. அப்போது பயனரே இயக்கிக்கு அட்டை எண்ணையும் ட்யூனர் எண்ணையும் சொல்ல வேண்டியிருந்தது. இதற்காகவே கெர்னல் ஆவணங்களில் ஓர் அட்டைப் பட்டியல் தொடங்கப்பட்டது. பிடிடிவி இயக்கிக்கு மட்டும் அப்பட்டியல் 150 வகைகளைக் கடந்தது.

வழுநீக்கும் முறைகள்

கெர்னலின் செய்திப் பதிவைப் படிப்பதே முதற்படி. சில்லு கண்டறியப்பட்டதா, எந்த அட்டையாகக் கருதப்பட்டது, எந்த ட்யூனர் தேர்வானது என்பவை அதில் தெரியும். அதன் பிறகு குறைக்கு ஏற்பத் தேடல் அமைந்தது.

அலைவரிசைக் குறைகள்: ட்யூனர் ஐ2சி என்ற இருகம்பிப் பாட்டை வழியாக ஆணை பெறுகிறது. தாழ் விஎச்எஃப், உயர் விஎச்எஃப், யுஎச்எஃப் ஆகிய பட்டைகளுக்கு இடையே மாற அனுப்பும் எண் பிலிப்ஸ், டெமிக் போன்ற தயாரிப்புகளுக்கிடையே வேறுபட்டது. ஒரு பட்டையில் மட்டும் படம் வந்து மற்றவற்றில் வராவிட்டால், ட்யூனர் வகை தவறு என்று ஊகிக்கலாம்.

படக் குறைகள்: என்டிஎஸ்சி முறைக்கு 28 மெகாஹெர்ட்ஸ் படிகமும், பி.ஏ.எல். முறைக்கு 35 மெகாஹெர்ட்ஸ் படிகமும் தேவைப்பட்டன. முதல் படிகம் மட்டும் உள்ள பிடி878 அட்டையில், சில்லின் உள்ளே இருக்கும் பிஎல்எல் சுற்றைக் கொண்டு மற்ற அதிர்வெண்ணைப் பெறலாம். அதை இயக்காமல் விட்டால், பி.ஏ.எல். ஒளிபரப்பு உள்ள நாடுகளில் படம் சரியாக வராது.

ஒலிக் குறைகள்: படம் வந்தும் ஒலி வராமை மிகப் பரவலான புகாராக இருந்தது. ட்யூனர், வானொலி, வெளி உள்ளீடு ஆகியவற்றில் எதன் ஒலி வெளிவர வேண்டும் என்பதைச் சில்லின் 24 பொதுப்பயன் முனைகளில் சில தீர்மானித்தன. எந்த முனை எதற்கு என்பது அட்டைக்கு அட்டை மாறியது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது: விண்டோஸில் தொலைக்காட்சியை ஓடவிட்டு, மின்சாரத்தை நிறுத்தாமல் லினக்ஸுக்கு மாறி, அம்முனைகளின் பதிவகத்தில் எஞ்சியிருக்கும் மதிப்பைப் படிப்பது. விண்டோஸிலேயே பதிவகங்களைக் காட்டும் கருவிகளும் பயன்பட்டன. அப்படிக் கிடைத்த எண்ணை இயக்கியில் ஒரு வரியாகச் சேர்த்தால், அதே அட்டையை வைத்திருந்த அனைவருக்கும் ஒலி கிடைத்தது.

கணினி உறைதல்: மேலடுக்கு முறையில் அட்டை படத்தைத் திரை அட்டையின் நினைவகத்திலேயே நேரடியாக எழுதியது. சில தாய்ப்பலகைகள் இத்தகைய பிசிஐ பரிமாற்றத்தைத் தாங்காமல் உறைந்தன. இங்கே வழு இயக்கியில் இல்லை. எனவே, குறையுள்ள தாய்ப்பலகைச் சில்லுத்தொகுதிகளுக்கெனத் தனி விருப்பத்தேர்வுகள் இயக்கியில் சேர்க்கப்பட்டன.

இரண்டாம் தலைமுறை

பில் டர்க்ஸ் வடிவமைக்கத் தொடங்கிய வீடியோ4லினக்ஸ் 2 இடைமுகம், 2003 டிசம்பரில் வெளியான கெர்னல் 2.6 பதிப்பில் இருந்தது. பழைய இடைமுகம் 2011-இல் 2.6.38 பதிப்பில் நீக்கப்பட்டது. பிலிப்ஸின் எஸ்ஏஏ7134, கோனெக்ஸாண்டின் சிஎக்ஸ்2388எக்ஸ் வரிசைச் சில்லுகளுக்கான இயக்கிகளும் பிடிடிவியைப் போலவே அட்டைப் பட்டியலுடன் வளர்ந்தன.

எம்பெக் குறியாக்கம் செய்யும் அட்டைகள் புதிய சிக்கலைக் கொண்டுவந்தன. அவற்றுக்குள் ஏற்றப்பட வேண்டிய நிலைபொருள், உற்பத்தியாளரின் விண்டோஸ் இயக்கிக்குள் இருந்தது. அதைப் பிரித்தெடுக்கத் தனி நிரல்கள் எழுதப்பட்டன. இவ்வகை அட்டைகளுக்கான ஐவிடிவி இயக்கி நெடுங்காலம் கெர்னலுக்கு வெளியே வளர்ந்து, 2007-இல் 2.6.22 பதிப்பில் சேர்ந்தது.

எதிர்பாராத விளைவு

விண்டோஸ் இயக்கியின் செயலைக் கவனித்து எழுதும் பழக்கம் 2012-இல் ஒரு புதிய கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது. ரியல்டெக்கின் ஆர்டிஎல்2832யு சில்லு கொண்ட யுஎஸ்பி ட்யூனரில் எஃப்எம் வானொலி ஓடும்போது நடந்த தரவுப் பரிமாற்றத்தை ஆன்டி பலோசாரி ஆராய்ந்தார். அப்போது சில்லு ஒலியை அல்ல, செயலாக்கப்படாத வானொலி அலையின் மாதிரிகளையே கணினிக்கு அனுப்புவது தெரிந்தது. இதைக் கொண்டு ஆஸ்மோகாம் திட்டத்தினர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் மென்பொருளை உருவாக்கினர். தொலைக்காட்சிக்காக விற்கப்பட்ட மலிவான கருவி, விமானங்களின் 1090 மெகாஹெர்ட்ஸ் குறிப்பலைகளையும், வானிலைச் செயற்கைக்கோள்கள் 137 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அனுப்பும் படங்களையும் பெறும் மென்பொருள் வானொலியாக மாறியது.

முக்கியத்துவம்

பல நாடுகளில் அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. எனினும் பழைய ஒளிநாடாக்களை எண்ணிமமாக்கவும் கண்காணிப்புக் கேமராக்களை இணைக்கவும் இவ்வட்டைகள் பயன்பட்டன. 2023-இல் பிடிடிவி இயக்கி, கெர்னலின் புதிய நினைவக மேலாண்மை முறைக்கு மாற்றி எழுதப்பட்டது. புரூக்ட்ரீ நிறுவனம் 1996-இலேயே ராக்வெல்லுக்குக் கைமாறி, அதன் சில்லுப் பிரிவு 1999-இல் கோனெக்ஸாண்ட் ஆகிவிட்டது. தயாரித்த நிறுவனத்தின் பெயர் மறைந்த பின்னும் அச்சில்லு இயங்குகிறது என்றால், அதற்கு அட்டைப் பட்டியலில் பலர் சேர்த்த வரிகளே காரணம். ஒருவர் தம் அட்டையில் கண்டறிந்த எண்ணைப் பொதுவில் பதிந்ததால், அடுத்தவர் அதே குறையை மீண்டும் தேட வேண்டியிருக்கவில்லை.