ஹெலி மேலே சுத்தேக்க

எங்கட வீடுகளில் "ஹெலி" என்ற சொல்லுக்கு நீண்ட காலமாக ஒரே அர்த்தம்தான். வரும், சுத்தும், பதியும், சுடும். பத்திரிகைகள் உலங்கு வானூர்தி என்று அழகாக எழுதின. ஆனால் "உலங்கு வானூர்தி வருது" எண்டு கத்திக்கொண்டு பங்கருக்குள்ள ஓடின ஆக்கள் இல்லை. எங்களில் பலர் அப்போது பிறக்கவேயில்லை, இல்லாட்டி தூக்கித் திரிகிற வயது. அந்தச் சத்தத்தை அம்மாமாரின்ர கதையில்தான் கேட்டிருக்கிறம்.

இப்ப போனைத் திறந்தால் வேற ஹெலி வருகிறது. சிகிரியாவை மேலேயிருந்து பாருங்கள், சிவனொளிபாதமலையைச் சுத்தி வாருங்கள், மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலால் பறந்து மிரிஸ்ஸ கடலில் திமிங்கிலம் தேடுங்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரச் சோடி. இந்த ரெண்டு ஹெலிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் நினைத்திருந்தம். பழைய கதையைத் தேடி வாசித்தால், ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தது. தெற்கிலே பொலிஸ் நிலையங்கள் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டன. சிறிமாவோ அரசாங்கம் இதை எதிர்பார்க்கவில்லை. அப்போது விமானப்படை மிகச் சிறியது. அதனிடம் இருந்த பெல் ஜெட்ரேஞ்சர் ஹெலிகள் துண்டிக்கப்பட்ட பொலிஸ் நிலையங்களுக்குத் தோட்டாக்களைக் கொண்டு போயின, காயப்பட்டவர்களை ஏற்றி வந்தன. அரசாங்கம் வெளிநாடுகளிடம் உதவி கேட்டது. இந்தியாவும் ஹெலி அனுப்பியது, பாகிஸ்தானும் அனுப்பியது. அதே வருஷம் டிசம்பரில் தங்களுக்குள் சண்டை பிடித்த ரெண்டு நாடுகள், எங்கட தீவின் பெடியளை அடக்குவதில் மட்டும் ஒரு பக்கம் நின்றன. சோவியத் யூனியனிலிருந்து மிக்-17 ஜெட் விமானங்கள் வந்தன. கிளர்ச்சி அடங்கியது. ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் இல்லாமல் போனார்கள்.

பிறகு என்ன செய்வது? படை பெருத்துவிட்டது, பராமரிக்கக் காசில்லை. நாட்டில் அந்நியச் செலாவணியே இல்லாத காலம் அது. பாணுக்கு வரிசை, மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டு போகத் தடை, ஊரெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. (யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் போட்டவர்களுக்கு மட்டும் இறக்குமதித் தடை நல்ல காலமாக இருந்தது. அதைப்பற்றித் தனியாக எழுத வேண்டும்.) டொலர் கொண்டு வரக்கூடிய ஆள் உல்லாசப் பயணிதான். ஆகவே 1972இல், சிலோன் ஸ்ரீலங்கா ஆன அதே வருஷம், விமானப்படையின் 4ஆம் இலக்க ஹெலிப் பிரிவு வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. பேர் ஹெலிடுவர்ஸ். ஒரு வருஷத்துக்கு முதல் தோட்டா ஏற்றின படை, இப்ப கமராவோடு வந்தவர்களை ஏற்றியது.

போரிலிருந்து உல்லாசத்துக்கு இப்படி ஒரு வாசல் எங்கட தீவில் மட்டும் திறக்கவில்லை. தீவுகளில் ஹெலிச் சுற்றுலா என்றால் உலகம் முதலில் நினைப்பது ஹவாய்த் தீவுக்கூட்டத்தை. அதில் கவாய் என்ற தீவில் 1962இல் ஜாக் ஹார்ட்டர் என்பவர் இந்தத் தொழிலைத் தொடங்கினார். 1970களில் அது பெருகியபோது பல விமானிகள் வியட்நாமில் ஹெலி ஓட்டிப் பழகினவர்கள். 1980இல் தொடங்கின 'மக்னம், பி.ஐ.' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஹவாய்ச் சுற்றுலா ஹெலி ஓட்டுகிற பாத்திரமும் வியட்நாம் போர்க்காரர்தான். பார்த்த சனத்துக்கு அது புதினமாக இருந்திருக்காது.

கவாயில் ஹெலிகள் கட்டாயம் காட்டுகிற இடம் நா பாலிக் கரை. நேராகக் கடலுக்குள் இறங்குகிற பச்சைச் சுவர்கள், நடுவில் கலலாவ் பள்ளத்தாக்கு. 'மனிதக் கை படாத சொர்க்கம்' என்ற மாதிரித்தான் அதை விற்கிறார்கள். உண்மையில் அங்கே சனம் தலைமுறை தலைமுறையாகச் சேம்பு வயல் செய்தது. 1893 ஜனவரியில் ஹவாய் அரசி பதவியிலிருந்து கவிழ்க்கப்பட்டார். புதிய அரசாங்கம் தொழுநோயாளரைப் பிடித்து மொலோகாய்த் தீவுக்கு நாடுகடத்துவதைத் தீவிரப்படுத்தியது. கோஓலாவ் என்ற மாடு மேய்ப்பவர் மனைவியைப் பிரிந்து போக மறுத்து, மனைவி பிஇலானியோடும் மகனோடும் இந்தப் பள்ளத்தாக்கில் ஒளிந்தார். பிடிக்க வந்த அதிகாரியைச் சுட்டார். படை பீரங்கியோடு வந்தது, ஊர்ச்சனத்தை வெளியேற்றியது, ஆனால் அவரைப் பிடிக்க முடியவில்லை. மகனும் கணவனும் நோயில் சாக, ரெண்டு பேரையும் அங்கேயே புதைத்துவிட்டு பிஇலானி தனியாக மலையேறி வந்தா. அவ சொன்ன கதை 1906இல் ஹவாய் மொழியிலேயே புத்தகமாக வந்தது. அந்தப் பள்ளத்தாக்கு வெறுமையாகப் பிறந்தது அல்ல, வெறுமையாக்கப்பட்டது. மேலேயிருந்து பார்த்தால் அது தெரியாது. விபத்துகள் கூடினபிறகு 1994இல் வந்த விதிப்படி ஹவாயில் சுற்றுலா ஹெலிகள் பொதுவாக 1,500 அடிக்குக் கீழே பறக்க முடியாது. அந்த உயரத்தில் பழைய வயல் வரம்பு எது, பற்றை எது?

திரும்ப எங்கட தீவுக்கு வருவம். 1970இல் இங்கே வந்த உல்லாசப் பயணிகள் 50,000 பேர்கூட இல்லை. 1982இல் அது 4 லட்சத்தைத் தாண்டியது. அடுத்த வருஷம் ஜூலை. கொழும்பு எரிந்த படங்கள் உலகமெல்லாம் போன பிறகு பயணிகள் குறைந்தார்கள், ஹெலிகளுக்கு வேறு வேலை வந்தது. ஹெலிடுவர்ஸ் நின்றது. விமானப்படை பெல் 212 ஹெலிகளை வாங்கித் துவக்குப் பூட்டியது. பெல் 212 என்பது வியட்நாமில் பறந்த ஹியூயின் இரட்டை இயந்திரத் தம்பி. 1987 மேயில் வடமராட்சி, 1990இல் முற்றுகைக்குள் இருந்த யாழ்ப்பாணக் கோட்டை, பிறகு 1990களின் நடுவில் ரஷ்ய எம்.ஐ.-24. அம்மாமாரின்ர கதை தொடங்குகிற இடம் இதுதான்.

2009 மேயில் போர் முடிந்தது. அதே 2009இல் ஹெலிடுவர்ஸ் திரும்பவும் தொடங்கியது. இதில் யாரும் எதையும் மறைக்கவில்லை. 1972இல் நடந்ததை அறிந்தவர்களுக்கு இது பழைய வழக்கம். எங்களுக்குத்தான் வாசிக்கேக்க கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

ஹெலியில் ஏறக்கூடாது எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. காசிருந்தால் எங்களுக்கும் ஆசைதான். போன மாதம் எங்களில் ஒருத்தர் அந்த விளம்பர வீடியோவை அம்மாவுக்குக் காட்டினார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப்போட்டு, அம்மா முழுக்கப் பார்த்தா. "வடிவாத்தான் இருக்கு" எண்டா. பிறகு, "மேலேயிருந்து பாத்தா கீழ நிக்கிற ஆக்கள் தெரிவினமோ?" எண்டு கேட்டா. வீடியோவைத் திருப்பிப் போட்டம். தேயிலைத் தோட்டம் தெரிஞ்சுது, லயன் கூரையள் வரிசையாத் தெரிஞ்சுது. கொழுந்து எடுக்கிற ஆக்களைக் காண, நிப்பாட்டி, பெருப்பிச்சுப் பார்க்க வேண்டியிருந்தது.