பென் டிரைவில் பூட்லோடர் நிறுவுதல்

கணினியை ஆன் செய்ததும் இயங்குதளத்தைத் தேடி நினைவகத்தில் ஏற்றும் சிறு நிரல் பூட்லோடர். வழக்கமாக வன்தட்டில் இருக்கும் இதைப் பென் டிரைவிலும் நிறுவலாம். இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பை வெறுமனே காப்பி செய்தால் பென் டிரைவ் பூட் ஆகாது. பூட்லோடர் தனக்குரிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த இடம் கணினியின் வயதைப் பொறுத்தது. பழைய பயாஸ் கணினிகள் டிரைவின் முதல் செக்டாரை மட்டுமே படிக்கும். அதன் 512 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64 பைட், இறுதி அடையாளத்துக்கு 2 பைட் போக, நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்தான். இதற்குள் ஒரு மெனுவைக்கூட எழுத முடியாது. எனவே கிரப் பூட்லோடர் அங்கே ஒரு சிறு துண்டை மட்டும் வைத்துவிட்டு, மீதியை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னுள்ள காலியிடத்தில் எழுதுகிறது. புதிய யூஇஎஃப்ஐ கணினிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஃபேட்32 பார்ட்டிஷனில் 'இஎஃப்ஐ' ஃபோல்டருக்குள் 'பூட்' ஃபோல்டர், அதில் 'பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ' கோப்பு இருந்தால் போதும். ஒரே பென் டிரைவில் இரண்டு ஏற்பாட்டையும் செய்து வைக்கலாம். கிரப்பை இருமுறை நிறுவ வேண்டும், அவ்வளவுதான்.

பூட்லோடர் உள்ள பென் டிரைவின் பயனுக்குத் தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினிகளே நல்ல எடுத்துக்காட்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இத்திட்டத்தில், அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கிடைத்தன. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸும், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பயாஸ் முறையில் இயங்கும் இத்தகைய மடிக்கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவினால், அது முதல் செக்டாரில் தன் நிரலை எழுதிவிடும். மெனுவிலிருந்து பாஸ் காணாமல் போகும். பார்ட்டிஷனை அழிக்காத வரை கோப்புகள் அத்தனையும் பத்திரமாகத்தான் இருக்கும், வழிதான் அடைபட்டிருக்கும். நிறுவாமலே இயங்கும் லைவ் லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து பூட் செய்து, கிரப்பை வன்தட்டில் மீண்டும் நிறுவினால் இரண்டும் மெனுவுக்குத் திரும்பிவிடும். இதற்காக முழு வன்தட்டையும் ஃபார்மட் செய்யச் சொல்வது தேவையற்ற வேலை.

பென் டிரைவில் கிரப்பை நிறுவ லினக்ஸின் 'கிரப்-இன்ஸ்டால்' கட்டளை போதும். டிரைவின் பெயரில் மட்டும் கவனம் வேண்டும்: 'எஸ்டிபி' என்பதற்குப் பதில் 'எஸ்டிஏ' என்று தட்டினால் பெரும்பாலும் கணினியின் சொந்த வன்தட்டிலேயே எழுதிவிடும். 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையில் ஜிபி அளவைப் பார்த்து டிரைவை உறுதி செய்துகொள்வது நல்லது. பிறகு 'கிரப்.சிஎஃப்ஜி' கோப்பில் மெனுவை நம் விருப்பப்படி எழுதலாம். ஐஎஸ்ஓவை ஒரு டிரைவ் போலத் திறக்கும் லூப்பேக் வசதியால் லினக்ஸ் ஐஎஸ்ஓ கோப்புகள் பலவற்றைப் பிரிக்காமலே அந்த மெனுவில் சேர்க்கலாம். விண்டோஸ் ஐஎஸ்ஓ இந்த வழிக்குச் சுலபமாக மசியாது. அதன் 'இன்ஸ்டால்.விம்' கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32-இல் வைக்கவும் முடியாது. கட்டளைகளோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு ரூஃபஸ், வென்டாய் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. வென்டாய் நிறுவிய பென் டிரைவில் ஐஎஸ்ஓக்களைக் காப்பி செய்தாலே மெனுவில் வந்துவிடும்.

செக்யூர் பூட் இயங்கும் கணினிகள் கையொப்பமில்லாத பூட்லோடரை ஏற்காது. டெபியன் 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட 'ஷிம்' என்ற சிறு நிரல் வழியாக இதைக் கடக்கிறது. நாமே தொகுத்த கிரப் என்றால், அமைப்புத் திரையில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும், அல்லது நம் சொந்தச் சாவியைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும்.