பேய்க்குப் பின்னால் யார்?

பள்ளி நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில், பிள்ளைகள் உண்மையில் எதைப் படிக்கிறார்கள் என்பதை பைண்டிங்குக்குப் போகும் கட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பரிசு பெற்ற நூல்கள் அலமாரியில் மொடமொடப்பாக நிற்கும். முதுகு கிழிந்து, அட்டை கழன்று வருபவை நான்சி ட்ரூ, ஹார்டி பாய்ஸ் என்ற துப்பறியும் கதைத் தொடர்கள்தான். அதிலும் பேய் வீட்டுக் கதை என்றால் ஓரிரு தாளாவது காணாமல் போயிருக்கும்.

இவை ஒரு பட்டறையில் பிறந்த கதைகள். அந்தப் பட்டறையை நடத்தியவர் எட்வர்ட் ஸ்ட்ராடமையர் என்ற அமெரிக்கர். கதைச் சுருக்கத்தை அவர் எழுதித் தருவார். வேறொருவர் அதை நாவலாக்குவார். அட்டையில் ஒரு கற்பனைப் பெயர் இருக்கும். எழுதியவருக்கு ஒரே தடவை கூலி. உரிமை கிடையாது; நான்தான் எழுதினேன் என்று வெளியே சொல்லவும் கூடாது. நான்சி ட்ரூவின் முதல் மூன்று நாவல்கள் 1930 ஏப்ரலில் வந்தன. அட்டையில் இருந்த கரோலின் கீன் என்று ஒருவர் இல்லவே இல்லை. எழுதியவர் அயோவாவில் பிறந்த மில்ட்ரெட் விர்ட். புத்தகத்துக்கு 125 டாலர் வாங்கினார். நூல்கள் வந்த இரண்டே வாரத்தில் ஸ்ட்ராடமையர் இறந்துபோக, மகள்கள் தொழிலை எடுத்து நடத்தினார்கள். 1980-இல் பதிப்பகங்களுக்குள் நடந்த வழக்கில் மில்ட்ரெட் சாட்சி சொன்ன பிறகுதான் அவர் பெயர் வெளியே பரவியது.

பட்டறையின் பேய்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. நான்சி ட்ரூ வரிசையின் இரண்டாவது நாவலான 'தி ஹிடன் ஸ்டேர்கேஸ்' நல்ல உதாரணம். பழைய மாளிகையில் வயதான சகோதரிகள், இரவானால் விநோத ஓசைகள், சாமான்கள் மாயமாகின்றன. நான்சி அங்கேயே தங்கித் துருவுகிறாள். கடைசியில் அகப்படுவது ரகசியப் படிக்கட்டும், பக்கத்து வீட்டுக்குப் போகும் சுரங்க வழியும், மாளிகையை அமுக்கப் பார்த்த ஓர் ஆசாமியும். பட்டறைக்கு வெளியே, 1964-இல் ராபர்ட் ஆர்தர் எழுதிய 'டெரர் கேஸில்' நாவலிலும் அப்படித்தான்: கோட்டையில் பேயாட்டம் காட்டியவர் ஒரு பழைய மௌனப்பட நடிகர்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதோடு நம் பழமொழி நின்றுவிடும். இந்த நாவல்கள் அடுத்த கேள்வியையும் கேட்டன: இங்கே எல்லோரும் பயந்தால் யாருக்கு லாபம்? பத்து வயதில் இந்தக் கேள்வி மனதில் ஊன்றிவிட்டால், வளர்ந்த பிறகு ஜோசியரிடமும் அரசியல் மேடையிலும் அது உதவும்.

என் தொழிலைச் சேர்ந்தவர்களே இந்த வகை நூல்களை வெகுகாலம் விரட்டினார்கள். அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் தலைமை நூலகர் ஃபிராங்க்ளின் மேத்யூஸ், இத்தகைய மலிவுத் தொடர்கள் சிறுவர்களின் மூளையைச் சிதறடிக்கின்றன என்று 1914-லேயே கட்டுரை எழுதினார். பல நூலகங்கள் இவற்றை வாங்கவே மறுத்தன. பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கி, கைமாற்றிப் படித்துத் தீர்த்தார்கள்.

பிறகு பேய்கள் நிஜமாகிவிட்டன. 1973-இல் ஜான் பெல்லேர்ஸ் மந்திரத்தையும் செத்தவர்களையும் தன் சிறுவர் நாவலுக்குள் கூட்டிவந்தார். 1992-இல் ஆர்.எல். ஸ்டைனின் கூஸ்பம்ப்ஸ் திகில் தொடர் தொடங்கியது. அதை அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லிப் பெற்றோர்கள் கொடி பிடித்தார்கள். அவற்றையும் பிள்ளைகள் விரும்பிப் படித்தார்கள், தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் அவற்றில் மிஞ்சுவது திகில் மட்டும்தான். துப்பு துலக்கும் பழக்கத்தைத் தருவது பழைய பட்டறைப் பேய்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பேய்க்கதை கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். முதலில் நான்சி ட்ரூவைக் கையில் கொடுங்கள். கூஸ்பம்ப்ஸை அதன் பிறகு அவர்களே தேடிக்கொள்வார்கள்.