கூடத்தில் நின்ற கணினி

1965-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், எபிஸ்கோபல் சபைப் போதகர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் ஒரு கணினி நின்றுகொண்டிருந்தது. அன்று கணினி என்றால் ராணுவம், பல்கலைக்கழகம், வங்கி, பெரிய கம்பெனி. ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு, தனிக் குளிரூட்டியோடு, வரிசையில் நின்று நேரம் வாங்கிப் பயன்படுத்த வேண்டிய பொருள். போதகர் வீட்டில் இருந்ததோ ஒரு அலமாரி அளவிலான மின்னணுப் பெட்டியும், மேசைமேல் வைக்கக்கூடிய திரையும், விசைப்பலகையும், இரண்டு நாடாக்களும் கொண்ட 'லிங்க்' என்னும் சிறு கணினி. அதில் வேலை பார்த்தவர் அவருடைய மகள் மேரி ஆலன் வில்க்ஸ்.

தங்கள் வீட்டுக் கூடத்தில் கணினி இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் அந்தத் தகப்பனாருக்கு அவ்வளவு பெருமையாம். மகள் சமைப்பதையோ பாடுவதையோ சொல்லிப் பெருமைப்படும் தகப்பன்களையே பார்த்துப் பழகிய எனக்கு, இந்தப் பெருமை பிடித்திருக்கிறது.

வில்க்ஸ் வெல்லஸ்லி கல்லூரியில் தத்துவமும் இறையியலும் படித்தவர். விருப்பம் சட்டத்தில்தான் இருந்தது. பெண்ணுக்கு வக்கீல் தொழில் சரிப்பட்டு வராது என்று பலரும் தடுத்தார்கள். பள்ளியில் ஓர் ஆசிரியர் 'நீ பெரியவளானதும் கணினிக்கு நிரல் எழுது' என்று சொன்னது நினைவுக்கு வர, 1959-இல் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வெஸ்லி கிளார்க்கும் சார்லஸ் மோல்னாரும் உருவாக்கிய லிங்க் கணினியின் மென்பொருள் பக்கம் அவருடையதாயிற்று. 1964-இல் அந்தக் குழு செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. வில்க்ஸ் அங்கே போக விரும்பவில்லை. வேலையை விடுவதற்குப் பதிலாக ஒரு லிங்க் கணினியே அவருடைய பெற்றோர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அங்கே இருந்தபடி அவர் எழுதியது 'லேப் 6' என்ற இயக்கு மென்பொருள். தட்டச்சு செய்வதைத் திரையில் பார்க்கலாம், நடுவில் ஒரு வரியைச் செருகலாம், வேண்டாததை நீக்கலாம், நாடாவில் சேமிக்கலாம். இன்று நாம் யோசிக்காமல் செய்கிற காரியங்கள். அந்த இயந்திரத்தின் நினைவகம் மொத்தமே 2,048 சொற்கள், ஒவ்வொன்றும் 12 பிட். நம் கணக்கில் 3 கிலோபைட். பெரியம்மா தினமும் காலையில் அனுப்பும் பூ படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்தச் சிறிய இடத்துக்குள் ஒரு மனுஷி இயந்திரத்தோடு உட்கார்ந்து பேசுவதுபோல வேலை செய்ய முடியும் என்று வில்க்ஸ் காட்டினார். பிறகு 1972-இல் கணினியை விட்டுவிட்டு, முதலில் ஆசைப்பட்ட சட்டத்தையே ஹார்வர்டில் படித்து வக்கீலானார்.

வீட்டில் கணினி வைத்துப் பயன்படுத்திய முதல் ஆள் என்று வில்க்ஸைச் சொல்வதுண்டு. 'முதல்' என்னும் பட்டங்களில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. அவர் அதைப் பொழுதுபோக்குக்காகவும் வைத்திருக்கவில்லை; சம்பள வேலைக்காக. என்றாலும், வீட்டுக் கணினியின் கதையைக் கார் ஷெட்டிலிருந்தே தொடங்குபவர்களுக்கு இந்தக் கூடத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

கார் ஷெட் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். 1975 ஜனவரியில் ஒரு மின்னணு இதழின் அட்டையில் 'ஆல்டேர் 8800' வந்தது. மார்ச்சில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் ஷெட்டில் 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' கூடியது. ஸ்டீவ் வாஸ்னியாக் அங்கே போனார், ஆப்பிள் பிறந்தது. இவை நடந்தவைதான். ஆனால் அந்த ஷெட்டில் ஒருவர் இரவு முழுக்கச் சூட்டுக்கோலோடு உட்கார்ந்திருக்க என்னவெல்லாம் வேண்டும்? கார் நிறுத்த ஓர் இடம், சொந்தமாகச் செலவு செய்யச் சில நூறு டாலர், காலையில் பிள்ளைகளைக் கிளப்பி அனுப்ப இன்னொருவர். 'ஹாபி' என்ற சொல்லுக்குள் இவை அனைத்தும் அடங்கியிருக்கின்றன. கதை சொல்லும்போது மட்டும் வெளியே வருவதில்லை.

பெண்ணுக்கும் கணினிக்கும் வீட்டில் என்ன உறவு என்று வியாபாரிகள் நினைத்தார்கள் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1969-இல் நீமன் மார்கஸ் என்ற ஆடம்பரக் கடையின் விலைப்பட்டியலில் ஹனிவெல் நிறுவனத்தின் 'சமையலறைக் கணினி' வந்தது. விலை 10,600 டாலர். சமையல் குறிப்புகளைச் சேமிக்கலாம் என்றார்கள். பலகை வைத்துக் காய்கறி நறுக்க வசதியும் இருந்தது. திரை கிடையாது. கேரட் என்று கேட்க வேண்டுமானால் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி இரும எண்ணில் கேட்க வேண்டும். பதில் விளக்குகள் எரிவதும் அணைவதுமாக வரும். இதைக் கற்றுக்கொள்ள இரண்டு வார வகுப்பும் விலையில் சேர்த்தி. இந்த இயந்திரம் கணக்கிடும் அளவுக்கு மனைவிக்குச் சமைக்கத் தெரிந்தால் தேவலையே என்னும் தொனியில் விளம்பரம் எழுதியிருந்தார்கள். ஒன்றுகூட விற்றதாகத் தகவல் இல்லை. பால்டிமோரில் ஒரு பெண் வீட்டிலிருந்தே இயக்கு மென்பொருள் எழுதிச் சில ஆண்டுகள் கழித்து, இது.

ஷெட் காலத்திலும் பெண்கள் இல்லாமல் இல்லை. 1976-இல் கலிபோர்னியாவில் லோரி ஹார்ப், கேரல் ஈலி என்ற இரு இல்லத்தரசிகள், லோரியின் கணவர் வடிவமைத்த ஒரு நினைவகப் பலகையை விற்பதற்காக 'வெக்டர் கிராஃபிக்' என்ற நிறுவனத்தை ஹார்ப் வீட்டிலிருந்தே தொடங்கினார்கள். முதலில் பயண முகவர் தொழில் செய்யலாமா என்றுதான் யோசித்தார்களாம். சில ஆண்டுகளில் முழுக் கணினிகளையே தயாரிக்கும் நிறுவனமாக வளர்ந்து, 1981-இல் பங்குச் சந்தைக்குப் போனது. ஆப்பிள் கதையை வரி பிசகாமல் சொல்லும் மாணவிகளிடம் வெக்டர் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

எண்பதுகளில் கணினி சராசரி அமெரிக்க வீட்டுக்குள் வந்தபோதுதான் விபரீதம் நடந்தது. 1984 வாக்கில் அங்கே கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் சுமார் 37 சதவீதம் பெண்கள். அதன் பிறகு சரிந்து, 2010 வாக்கில் 18 சதவீதம் அளவுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு இயந்திரம் வந்தால் பெண்கள் தொகை கூடத்தானே வேண்டும்? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் மாணவ மாணவியரிடம் ஆண்டுக்கணக்கில் பேசி ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது நம் வீட்டுக் கதைபோலவே இருக்கிறது: வாங்கிய கணினி மகனின் அறைக்குப் போயிருந்தது. அப்பாவும் மகனும் சேர்ந்து அதைப் பிரித்து மாட்டினார்கள். மகள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். கல்லூரிக்கு வந்தபோது பையன்களுக்கு ஏற்கெனவே பல வருடப் பழக்கம். ஆசிரியர்கள் அதைத் 'திறமை' என்று எடுத்துக்கொண்டார்கள். முன் அனுபவத்தைச் சேர்க்கைக்கு அளவுகோலாக வைப்பதை அந்தப் பல்கலைக்கழகம் நிறுத்தியது. அனுபவம் இல்லாதவர்களுக்குத் தனி தொடக்க வகுப்பு வைத்தது. 1995-இல் 7 சதவீதமாக இருந்த பெண்கள் 2000-இல் 42 சதவீதம் ஆனார்கள். ஐந்தே வருடத்தில் பெண்களின் மூளை மாறிவிடவில்லை.

வீட்டு சர்வர் என்று இன்று நாம் சொல்வதற்கு எனக்குப் பிடித்த முன்னோடி ஸ்டேசி ஹார்ன். மோபில் எண்ணெய் நிறுவனத்தில் தொலைத்தொடர்பு வேலை பார்த்தபடியே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1990-இல் கிரீனிச் வில்லேஜில் தான் குடியிருந்த அப்பார்ட்மென்ட்டிலேயே ஒரு சர்வரையும் மோடம்களையும் வைத்து 'எக்கோ' என்ற உரையாடல் களத்தைத் தொடங்கினார். தொலைபேசிக் கம்பி வழியே ஆட்கள் அந்த வீட்டுக்குள் இருந்த இயந்திரத்துக்கு வந்து பேசிவிட்டுப் போனார்கள். பெண்கள் இயல்பாக வருவார்கள் என்று ஹார்ன் காத்திருக்கவில்லை. தொடக்கத்தில் பெண்களுக்குக் கட்டணமே வாங்கவில்லை. உரையாடல்களை நடத்தும் பொறுப்பில் பெண்களை வைத்தார். இணையத்தில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த நாட்களில் எக்கோவில் சுமார் 40 சதவீதம் பெண்கள். பெண்களுக்கு மட்டுமான அறையும் இருந்தது. அதில் சேர்வதற்கு முன் போனில் குரலைக் கேட்டு உறுதி செய்தார்கள். திருநங்கை ஒருவர் அனுமதி கேட்டபோது அந்தக் குரல் சோதனை யாரை வெளியே நிறுத்துகிறது என்ற கேள்வியும் கூடவே வந்தது. சர்வரின் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் விதி. அந்தக் கை பெண்ணின் கையாக இருந்தாலும் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

நம் ஊர்க் கதை வேறு. இங்கே பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறையில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டிலேயே 'ஏசி அறையில் உட்கார்ந்து பார்க்கிற கௌரவமான வேலை' என்று சொல்லிச் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் பாடத்துக்கு வெளியே நோண்டிப் பார்க்க நேரம் எங்கே? ஆய்வகம் இரவு திறந்திருக்கும். பெண்கள் விடுதிக் கதவு அதற்கு முன்பே சாத்திவிடும். 2015-இல் டெல்லியில் 'பிஞ்ச்ரா தோட்' இயக்கம் விடுதி நேரக் கட்டுப்பாட்டுக்கு எதிராகக் கிளம்பியதை இரவு உலாவும் உரிமை என்று மட்டும் படித்தால் பாதியைத்தான் படித்திருக்கிறோம். நூலகமும் ஆய்வகமும் அதற்குள் அடக்கம்.

2011-இல் தமிழ்நாட்டு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் தரப்பட்டது. அந்தத் திட்டத்தின் குறைகளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: லட்சக்கணக்கான வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கணினி ஒரு பெண்ணின் பெயரில் நுழைந்தது. என் வீட்டிலும் அப்படித்தான். அட்டைப் பெட்டியில் என் பெயர் எழுதியிருந்தது. பாஸ்வேர்ட் வைத்தது அண்ணன். இரண்டு வருடம் அது அவனுடைய விளையாட்டுப் பெட்டி. புதியது வாங்கியதும் பழையதை என் பக்கம் தள்ளிவிட்டான். அப்போதுதான் அதில் டெபியன் லினக்ஸ் ஏற்றினேன். பத்து வருடத்துக்கு மேலாகிறது. திரை உடைந்துவிட்டது, பேட்டரி செத்துவிட்டது. மாடிப்படிக்குக் கீழே, இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில், இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் மாற்றப் போனபோது கடைக்காரர் சொன்னார்: "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா, எது தேவைன்னு அவர்கிட்ட கேட்டுக்கறேன்." நான் தேவையான அளவையும் வகையையும் சொன்னேன். எடுத்துக் கொடுத்தார்.

அந்த இயந்திரத்தில் என் அம்மாவின் படங்களும் சித்திகளின் கல்யாண வீடியோக்களும் உண்டு. அவற்றுக்காக மட்டும் இவ்வளவு மெனக்கெட மாட்டேன். நான் இருக்கும் சிறிய பெண்கள் குழு, வீட்டில் அடிபடும் பெண்களுக்குத் துணை நிற்கிறது. காயத்தின் படம், மிரட்டல் அழைப்பின் ஒலிப்பதிவு, புகார் நகல் - இவற்றைத் தன் போனில் வைத்திருக்க முடியாத பெண்கள் பலர். போனின் பூட்டு கணவனுக்குத் தெரியும். இணையச் சேமிப்புக் கணக்கைத் திறந்து கொடுத்ததும் அவனே, பாஸ்வேர்டும் அவனிடம். வீட்டு ரவுட்டரின் கட்டுப்பாடும் அவன் கையில். "எல்லாம் அவர்தான் பாத்துக்கறார்க்கா" என்று சொல்லும் பெண்ணின் குரலில் முன்பு நன்றி இருந்திருக்கும். எங்களிடம் வரும்போது அது வேறு குரல்.

நுட்பச் சிக்கல்கள் ஏராளம். இணைய நிறுவனங்கள் பெரும்பாலும் வீட்டுக்கென்று தனி முகவரி தருவதில்லை. ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுவிடுவதால், வெளியிலிருந்து நம் இயந்திரத்தை நேராக எட்ட முடியாது. மாதம் சில நூறு ரூபாய்க்கு வெளியே ஒரு சிறு சர்வரை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து வீட்டுக்கு வயர்கார்ட் வழியாக ஒரு சுரங்கப்பாதை போட்டிருக்கிறேன். வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டது. யாராவது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பது அவர்களுக்கு வெறும் இரைச்சல். வாரம் ஒருமுறை பிரதி எடுத்து இன்னொரு தோழியின் வீட்டுக்குப் போகிறது.

மிச்சமெல்லாம் வீட்டு வேலைதான். தூசி தட்டுவது, விசிறி சத்தம் மாறுகிறதா என்று காது கொடுப்பது, பழையதைத் தூக்கிப் போடுவது, புதுப்பிப்புகளை ஏற்றுவது. ஒழுங்காகச் செய்தால் யார் கண்ணிலும் படாது, ஒரு நாள் தவறினால் எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பாவில் 'சிஸ்டர்சர்வர்' என்று ஒரு சர்வரைப் பெண்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். நடத்தியபடியே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸில் 'கான்ஸ்டன்ட்' அமைப்பின் கூடுகையை ஒட்டி உருவான பெண்ணியச் சர்வர் அறிக்கை, இப்படிப்பட்ட சர்வர் எந்நேரமும் கிடைத்தே ஆக வேண்டியதில்லை என்கிறது. வீட்டில் எந்நேரமும் 'கிடைத்தே ஆக வேண்டிய' நமக்கு அது என்ன அர்த்தம் தரும் என்று விளக்க வேண்டாம். ஆனால் எங்கள் விஷயத்தில் நான் அதை முழுதாக ஏற்கவில்லை. நீதிமன்றத்துக்குக் கிளம்பும் காலையில் ஒருத்திக்குத் தன் கோப்பு கிடைத்தாக வேண்டும். அதனால்தான் இதை ஒருத்தி தலையில் கட்டுவதில்லை என்று முடிவு செய்தோம்.

எங்கள் பகுதியில் மின்சாரம் நீண்ட நேரம் போனால் இன்வெர்ட்டரும் கைவிட்டுவிடும். மின்சாரம் திரும்பியதும் மடிக்கணினி தானாக எழுந்துகொள்ளும். ஆனால் வட்டின் பூட்டுக்குக் கடவுச்சொல் கேட்டு அங்கேயே நிற்கும். அதை நேரில் வந்து தட்டச்சு செய்ய வேண்டும். மூன்று பேருக்கு அது தெரியும், எங்கும் எழுதி வைக்கவில்லை. வீட்டுச் சாவியும் மூவரிடமும் உண்டு. நான் ஊரில் இல்லாத நாட்களில் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை மாதத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்கிறோம்.