இடப்பக்கம் பொருத்தப்பட்ட தொலைநோக்கி

முதல் உலகப் போரின் மேற்கு முனையை ஆராய்வோர் பீரங்கியையும் இயந்திரத் துப்பாக்கியையும் நச்சுவாயுவையும் பற்றி நிறைய எழுதியுள்ளனர். துப்பாக்கியின்மீது தொலைநோக்கியைப் பிடித்து நிறுத்தும் சிறிய உலோகத் தாங்கி அந்த அளவு கவனம் பெறவில்லை. ஆயினும், ஓர் இராணுவம் தன் வீரனை எவ்வாறு கற்பனை செய்தது என்பதை அத்தாங்கி தெளிவாகக் காட்டுகிறது.

1914 இறுதியில் இரு தரப்பும் பதுங்குகுழிகளுக்குள் முடங்கியபோது, மறைந்திருந்து சுடும் ஸ்னைப்பர் போரில் ஜெர்மானியரே முந்தினர். வேட்டை மரபும், சைஸ், கோர்ஸ் போன்ற நிறுவனங்கள் வளர்த்த ஒளியியல் தொழிலும் அவர்களுக்குக் கைகொடுத்தன. தொலைநோக்கி பொருத்திய வேட்டைத் துப்பாக்கிகள் திரட்டப்பட்டுப் போர்முனைக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் பல 1888ஆம் ஆண்டு வகைத் தோட்டாவுக்கு உரியவை. புதிய தோட்டாவை இடக்கூடாது என்ற எச்சரிக்கைத் தகடு அவற்றில் பதிக்கப்பட்டது. இராணுவத்தின் கெவேர் 98 துப்பாக்கியிலோ வேறொரு சிக்கல் இருந்தது. நேராக நீண்டிருந்த அதன் போல்ட் கைப்பிடி, மேலே அமையும் தொலைநோக்கியில் இடிக்கும். எனவே கைப்பிடியைக் கீழ்நோக்கி வளைத்து, அது படிய மரக்கட்டையிலும் பள்ளம் செதுக்கினர். அதாவது, தொலைநோக்கிக்கு ஏற்பத் துப்பாக்கியே மாற்றப்பட்டது.

பிரிட்டிஷ் தரப்பு நேர்மாறான வழியில் சென்றது. முன்குறிக்கு அருகில் ஒரு வில்லையும் கண்ணருகில் மற்றொன்றுமாக, குழாயே இல்லாத கலிலிய அமைப்புகளை முதலில் பயன்படுத்திப் பார்த்தனர். அவற்றின் பார்வைப் பரப்பு மிகக் குறுகியது. பின்னர் பெரிஸ்கோபிக் பிரிசம், ஆல்டிஸ், வின்செஸ்டர் ஏ5 போன்ற முறையான தொலைநோக்கிகள் வந்தன. ஆனால் குறு லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில் அவை பெரும்பாலும் குழலுக்கு நேர்மேலே அமையாமல் இடப்பக்கம் விலகியே பொருத்தப்பட்டன.

இதற்குக் காரணம் இருந்தது. ஐந்து தோட்டாக்கள் கோத்த சார்ஜரை மேலிருந்து அழுத்தி நிரப்பும் முறை அத்துப்பாக்கிக்கு உரியது. நிமிடத்திற்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுடும் பயிற்சி அந்த இராணுவத்தின் பெருமையாக இருந்தது. தொலைநோக்கி நேர்மேலே வந்தால் சார்ஜருக்கு வழி அடைபடும். ஆகவே, வேகமாகச் சுட வேண்டிய காலாட்படை வீரனின் தேவையைக் காக்க, ஒரே ஒரு குண்டுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பவனின் கருவி ஓரமாகத் தள்ளப்பட்டது.

அதன் விலையை ஸ்னைப்பரே கொடுத்தான். இடப்பக்கம் விலகிய குழாயில் பார்க்கத் தலையைச் சாய்த்ததால், கன்னம் கட்டையில் ஊன்றவில்லை. குண்டின் பாதையும் பார்வைக் கோடும் ஒரு குறிப்பிட்ட தொலைவில் மட்டுமே சந்தித்தன. அதற்கு முன்னும் பின்னும் பக்கவாட்டில் பிழை நேர்ந்தது. இவற்றினும் பெரிய இடர் இரும்புக் கவசத் தகட்டின் சிறு சுடுதுளை. துளைக்குள் குழல் நுழைந்தாலும், தொலைநோக்கியின் பார்வையைத் தகட்டின் விளிம்பு மறைத்தது. துளையை அகலப்படுத்தினால் எதிரியின் குண்டுக்கும் வழி திறக்கும்.

வேட்டைக்காரரும் கிரிக்கெட் வீரருமான ஹெஸ்கெத்-பிரிச்சர்ட் இப்பக்கவாட்டுப் பொருத்துதலைக் கடுமையாகச் சாடினார். முதல் படையணியின் ஸ்னைப்பர் பயிற்சிப் பள்ளியை 1916இல் தொடங்கியவர் அவர். தளர்ந்த தாங்கிகளால் குறி பிசகிய துப்பாக்கிகளைப் போர்முனையில் அவர் ஏராளமாகக் கண்டார். பயன்படுத்தத் தெரியாதவர் கையில் நல்ல வில்லையும் பயனற்றுப் போகும் என்பதே அவருடைய 1920ஆம் ஆண்டு நூலின் முதன்மையான படிப்பினைகளுள் ஒன்று.

இந்திய வரலாற்று மாணவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. லாகூர், மீரட் டிவிஷன்களின் காலாட்படை பிரான்சில் நின்றது 1914 இலையுதிர்காலம் முதல் 1915 இறுதி வரை. பிரிட்டிஷ் தரப்பில் தொலைநோக்கித் துப்பாக்கியும் அதற்கான பயிற்சியும் மிக அரிதாக இருந்த காலமும் ஏறத்தாழ அதுவே. ஃபெஸ்டுபெர், நியூவ் ஷாப்பல் பகுதிகளில் சிப்பாய்கள் பட்ட இன்னல்களுக்குக் குளிரையும் தட்பவெப்பத்தையும் மட்டும் காரணமாகக் காட்டும் விளக்கங்களை வாசிக்கும்போது, இந்தக் கருவிச் சமமின்மையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1918இல் ஏற்கப்பட்ட பேட்டர்ன் 1914 ஸ்னைப்பர் துப்பாக்கியில் தொலைநோக்கி ஒருவழியாகக் குழலுக்கு நேர்மேலே ஏறியது. அதற்குள் போர் முடிவை நெருங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரின் நம்பர் 4 (டி) வகையிலோ இப்பாடம் முழுமை பெற்றது. துல்லியமாகச் சுட்ட துப்பாக்கிகளைத் தேர்ந்து, ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனத்திற்கு அனுப்பித் தொலைநோக்கி பொருத்தினர். கன்னம் ஊன்ற மரத்துண்டு சேர்க்கப்பட்டது. இரண்டும் பிரியாதிருக்க, தொலைநோக்கியின் எண் துப்பாக்கிக் கட்டையிலேயே பொறிக்கப்பட்டது. சார்ஜர் முறை கைவிடப்பட்டது.

அந்த மூன்று மடங்கு உருப்பெருக்கத் தொலைநோக்கி முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டது. ஒளியியலில் அது புரட்சி எதையும் செய்துவிடவில்லை. மாறியது, அதைத் தாங்கும் இடம். ஸ்னைப்பரை வேகமாகச் சுடும் வீரனாகக் கருதாமல், தனித் தொழில் தெரிந்தவனாக ஏற்க இராணுவத்துக்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் தேவைப்பட்டது. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் வில்லையின் திறனோடு நின்றுவிடாமல், அது எங்கே, யாருடைய வசதிக்காகப் பொருத்தப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.